புளித்த பாலும் ஒரு மேதையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

பெரியோர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அப்பெரியோர் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது மரபு. நானோ என் ஊரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ருசியப் பேரரசில் பிறந்து பாரிஸ் நகரில் மறைந்த ஒரு பேரறிஞருக்கும் கொல்லிமலைக்கும் என்ன தொடர்பு என்று பேராசிரியப் பெருமக்களும் தோழர்களும் ஐயுறலாம். எங்கள் வீட்டுப் பசுவே அத்தொடர்பு. சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் நாடும் எங்கள் பசுவும்

கொல்லிமலையில் உள்ள குண்டூர் நாடு என் ஊர். நாடு என்றதும் நண்பர்கள் நகைக்க வேண்டா. சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை எங்கள் மலையில் நாடு என்றே வழங்குவர். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்பன போல எங்களுடையது குண்டூர் நாடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வரவேண்டும். அப்பா சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார். சில மிளகுக் கொடிகளும் உண்டு. அம்மாவின் பொறுப்பில் ஒரு கலப்பினப் பசு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் உணவு கிடைத்துவிடுகிறது. ஆனால் பேருந்துச் செலவும், ஆய்வுக்கூடக் குறிப்பேடும், தங்கையின் பள்ளிச் செலவும் அந்தப் பசுவின் மடியிலிருந்துதான் வந்தன.

சென்ற ஆடி மாதம் ஊர்க் கோயில் விழாவுக்காக வீடு சென்றிருந்தேன். விருந்து முடிந்து சோறு மிகுந்துவிட்டது. வீணாகிறதே என்ற எண்ணத்தில், அம்மா காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு குண்டான் சோற்றைப் பசுவின் தொட்டியில் கொட்டினேன். பசுவும் ஆவலுடன் தின்றது. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். மறுநாள் அது அசை போடவில்லை. இடப்புற வயிறு புடைத்திருந்தது. சாணம் நீராய்ப் போயிற்று. புளித்த வாடை வீசிற்று. மூன்றாம் நாள் மடியின் ஒரு பக்கம் கல்லாய் இறுகிச் சூடேறியது. பால் திரிதிரியாக வந்தது.

அம்மா பள்ளிக்கூட வாசலைக் கண்டதில்லை. சாணத்தைப் பார்த்தவுடனேயே, வயிற்றில் கெட்டதுதான் மடிக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மடிநோய் கிருமிகளால் வருவது; கிருமிகள் காம்புத் துளை வழியாக நுழைகின்றன; வயிற்றுக்கும் மடிக்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. சாணத்தைக் குச்சியால் கிளறிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் வந்தார். நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே கறந்து, ஒரு கரைசலைச் சேர்த்துச் சுழற்றினார். மூன்று குழிகளில் பால் பாலாகவே இருந்தது. நான்காவது குழியில் கூழ் போலக் கெட்டிப்பட்டது. பாலில் வெள்ளணுக்கள் பெருகியிருப்பதன் அடையாளம் அது என்றார். மடிக்கு மருந்து செலுத்தினார். அத்தோடு நிற்காமல் வயிற்றுக்கும் சோடா உப்புக் கரைசலைப் புகட்டினார். சோறு தின்றதைக் கேட்டறிந்து, அந்த வயிற்றுக் கோளாறு மடியையும் தாக்கியிருக்கக்கூடும் என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் ஏற்பட்டிருக்காது.

பசு பிழைத்தது. ஆனால் அந்த ஒரு காம்பு வற்றிவிட்டது. பசுவை விற்றுவிடலாமா என்று அப்பா யோசிக்கத் தொடங்கினார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு தாளில் ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுத்து, நூலகத்திற்குப் போகச் சொன்னார். அந்தப் பெயர் இலியா மெச்னிக்கோவ்.

இளமையும் துன்பமும்

இலியா மெச்னிக்கோவ் 1845-ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய உக்ரைனில் உள்ள கார்கோவ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பேரரசின் மெய்க்காவற் படையில் அதிகாரியாக இருந்தவர். தாயார் யூதர் குடும்பத்தில் தோன்றியவர். சிறுவயதிலேயே செடிகொடிகளிலும் பூச்சிகளிலும் மெச்னிக்கோவுக்கு அளவிறந்த ஆர்வம். கார்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். செருமனிக்கும் இத்தாலிக்கும் சென்று கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். 1865-இல் ஒரு தட்டைப்புழுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் செல்களே உணவுத் துணுக்குகளை உட்கொண்டு செரிப்பதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது இருபது. ஆம்! நம் வயதுதான். அன்று கண்ட அந்தச் சிறு காட்சி பிற்காலத்தில் எவ்வளவு பெரிய உண்மையாக வளரும் என்பதை அவரும் அறிந்திருக்கவில்லை.

1870-இல் ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். ஆனால் இல்வாழ்க்கையில் துயரமே சூழ்ந்தது. 1869-இல் அவர் மணந்த லுத்மிலா அம்மையார் காசநோயாளி. மணநாளன்று நடக்கவும் வலுவின்றி, நாற்காலியில் வைத்துத் தேவாலயத்திற்குத் தூக்கிச் செல்லப்பட்டார். நான்கு ஆண்டுகள் அவரைக் காப்பாற்ற மெச்னிக்கோவ் போராடினார். நல்ல காற்றுக்காக மதீராத் தீவுவரை அழைத்துச் சென்றார். எதுவும் பயன்தரவில்லை. 1873-இல் அம்மையார் மறைந்தார். மெச்னிக்கோவுக்கோ கண்பார்வையும் குன்றியிருந்தது. நுண்ணோக்கியைக்கூடப் பயன்படுத்த இயலாத நிலை. மனமுடைந்த அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். அந்நாட்களில் ஓர் இரவு, விளக்கைச் சுற்றி ஈசல் போன்ற பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டார். உண்ணாமலே சில மணி நேரம் மட்டும் வாழும் இவ்வுயிர்களுக்கு டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கை எவ்வாறு பொருந்தும் என்று சிந்திக்கலானார். அந்தக் கேள்வியே அவரை மீண்டும் அறிவியலிடம் இழுத்து வந்தது.

1875-இல் ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். சில ஆண்டுகளில் ஓல்காவைக் குடற்காய்ச்சல் கடுமையாகத் தாக்கிற்று. அவ்வேளையில் மெச்னிக்கோவ் மீண்டும் நம்பிக்கை இழந்து, காய்ச்சற்கிருமி கலந்த குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். நல்லூழாக இருவரும் பிழைத்தனர். மாமேதைகள் என்றால் மனவுறுதியின் வடிவம் என்று நினைக்கிறோம். மெச்னிக்கோவ் இருமுறை வாழ்வை வெறுத்தவர். பின்னர் வாழ்வை நீட்டிக்கும் வழியைத் தேடியே எஞ்சிய நாட்களைச் செலவிட்டவர்.

முள் முனையில் கண்ட உண்மை

1881-இல் ருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அதனையடுத்து நாட்டில் குழப்பம் மிகுந்தது. பல்கலைக்கழகச் சூழல் பிடிக்காமல் 1882-இல் மெச்னிக்கோவ் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடும்பத்துடன் சென்றார். பதவியும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. வீட்டுக் கூடத்திலேயே நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு ஆய்வு செய்தார்.

ஒருநாள் வீட்டார் அனைவரும் குரங்கு வேடிக்கை பார்க்க வட்டரங்கத்திற்குச் சென்றிருந்தனர். தனித்திருந்த மெச்னிக்கோவ், கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் இளவுயிரியை நோக்கிக்கொண்டிருந்தார். அதன் உடலினுள் அங்குமிங்கும் ஊர்ந்த செல்களைக் கண்டபோது அவருக்கு ஓர் எண்ணம் மின்னிற்று. உணவைச் செரிக்கும் இதே செல்கள், உடலுக்குள் நுழையும் பகையையும் எதிர்க்குமோ? தோட்டத்திற்குச் சென்று ரோசா முட்களைக் கொய்து வந்து இளவுயிரியின் தோலின் கீழ்ச் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடியற்காலையில் பார்த்தபோது செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன!

நம் விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. இதனை அழற்சி என்கிறோம். அக்காலத்து அறிஞர் பலர் அழற்சியை ஒரு கேடு என்றே கருதினர். சீழில் உள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து செல்லும் வண்டிகள் என்றுகூட எண்ணினர். மெச்னிக்கோவ் இதைத் தலைகீழாக மாற்றினார். அழற்சி என்பது உடல் நடத்தும் தற்காப்புப் போர்; வெள்ளணுக்களே அதன் வீரர்கள் என்றார். கிருமிகளை விழுங்கும் அச்செல்களுக்கு 1883-இல் ஃபேகோசைட் என்ற பெயர் அமைந்தது. விழுங்கு செல்கள் என்று நாம் சொல்லலாம். 1884-இல் டாப்னியா என்னும் நீர்ச் சிற்றுயிரில் இதனை மேலும் நிறுவினார். டாப்னியாவுக்குள் புகுந்த ஈஸ்ட் வித்துக்களை விழுங்கு செல்கள் அழித்தால் உயிரி பிழைக்கிறது; அழிக்கத் தவறினால் மடிகிறது.

இக்கொள்கையை உலகம் உடனே ஏற்றதா? இல்லை. குருதி நீரில் உள்ள பொருள்களே நோயை எதிர்க்கின்றன என்று செருமானிய அறிஞர்கள் வாதிட்டனர். 1890-இல் பேரிங் தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்நச்சுக் குருதிநீரைக் கண்டபின் அவர்கள் கை ஓங்கியது. மெச்னிக்கோவ் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடினார். இறுதியில் இரு கூற்றும் உண்மையே எனத் தெளிந்தது. 1908-இல் நோபெல் பரிசு மெச்னிக்கோவுக்கும் எதிரணியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

பாஸ்டர் நிறுவனமும் நம் நாடும்

1886-இல் ஒடெசாவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கென நிறுவிய நிலையத்திற்கு மெச்னிக்கோவ் தலைவரானார். எதிர்ப்புகள் மிகுந்தமையால் விலகினார். 1888-இல் லூயி பாஸ்டர் அவரைப் பாரிசுக்கு வரவேற்று ஆய்வுக்கூடம் அளித்தார். அன்று முதல் இறுதிவரை பாஸ்டர் நிறுவனமே அவருடைய இல்லமாயிற்று.

ஒடெசாவில் அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் அவருடைய துணையால் பாரிசுக்கு வந்து, முதலில் அந்நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்த்தார். அவர் வால்டெமார் ஹாஃப்கின். 1893-இல் காலராத் தடுப்பூசியுடன் கல்கத்தாவுக்கு வந்தவரும், 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டவரும் அவரே. மும்பையில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மெச்னிக்கோவ் இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் கற்பித்த கல்வி வந்தது.

அதே காலத்தில் 1887-இல், பாஸ்டர் வழிவந்த கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோக்கார், பசுக்களின் தொற்று மடிநோய்க்கு ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே காரணம் என்பதைத் தம் துணைவருடன் கண்டறிந்தார். நான் அம்மாவிடம் எடுத்துச் சொன்ன பாடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிருமி, காம்பு, மடி என்ற அந்த வரிசை பொய்யன்று. இன்றும் மடிநோயில் பெரும்பகுதி அவ்வழியேதான் வருகிறது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

குடலை நோக்கித் திரும்பிய கண்

1892-இல் பிரான்சில் காலரா பரவியது. காலராக் கிருமியை மெச்னிக்கோவ் தாமே அருந்தினார். ஒன்றும் நேரவில்லை. தாமாக முன்வந்து அருந்திய வேறொருவரோ கடும் நோயுற்றார். இப்படிப்பட்ட சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது. ஆனால் அதிலிருந்து எழுந்த கேள்வி உயர்ந்தது. ஒரே கிருமி ஒருவரை வீழ்த்துகிறது, மற்றவரை விட்டுவிடுகிறது. ஏன்? ஆய்வுத் தட்டுகளில் பல கிருமிகளைக் காலராக் கிருமியுடன் சேர்த்து வளர்த்தார். சில அதனை வளர்த்தன; சில அதனைத் தடுத்தன. எனவே குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிக் கூட்டமே, புதிதாக வரும் பகைக்கு வாயிலைத் திறப்பதோ மூடுவதோ செய்கிறது என்று கருதினார்.

இதன்பின் அவர் மனம் குடலை விட்டு அகலவில்லை. பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகள் நச்சுப் பொருள்களை வெளியிடுகின்றன. அவை குருதியில் கலந்து உடலெங்கும் சென்று முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றார். பால் புளித்தால் அழுகுவதில்லை. அதில் உள்ள லாக்டிக் அமிலமே காரணம். அப்படியானால் புளித்த பாலை அருந்தினால் குடலிலும் அழுகல் குறையுமன்றோ? பல்கேரிய நாட்டு உழவர் புளித்த பாலை மிகுதியாக உண்டு நெடுநாள் வாழ்கின்றனர் என்ற செய்தியும் அவருக்கு ஊக்கமளித்தது. 1905-இல் பல்கேரிய மாணவர் ஸ்தாமென் கிரிகோரோவ் அத்தயிரிலிருந்து ஒரு லாக்டிக் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். மெச்னிக்கோவ் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 1904-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுக்குப் பின் பாரிஸ் மக்கள் தயிருக்கு முண்டியடித்தனர். நம் வீடுகளில் உறியில் தொங்கிய பொருள் அங்கே மருந்துக்கடையில் ஏறியது!

மேதையும் தவறுவதுண்டு. பெருங்குடல் மனிதனுக்குப் பயனற்ற உறுப்பு என்றே அவர் எண்ணினார். அது பெருந்தவறு. குடல் நச்சே நோய்க்கெல்லாம் மூலம் என நம்பிய சில அறுவை மருத்துவர்கள், நோயாளிகளின் பெருங்குடலை வெட்டியெறியும் அளவுக்குச் சென்றனர். முதுமைக்குக் குடல் அழுகலே முதற் காரணம் என்பதும் நிலைக்கவில்லை. அவர் காலத்திற்குப் பின் குடற்கிருமி ஆய்வு பல்லாண்டுகள் மதிப்பிழந்து கிடந்தது.

1916-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள், முதல் உலகப்போரின் நடுவே, இதய நோயால் தம் எழுபத்தோராம் வயதில் மெச்னிக்கோவ் மறைந்தார். தம் உடலைத் திறந்து குடலை நன்கு ஆராயுமாறு நண்பரான மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். தாம் சொன்னது சரியா தவறா என்பதைத் தம் உடலிலேயே சோதித்துக்கொள்ள விரும்பிய மனம் அது. அவருடைய சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பசுவின் மடியில் இரண்டு பாதிகளும்

மெச்னிக்கோவின் வாழ்வில் இரண்டு பாதிகள் உண்டு. முற்பாதி அழற்சி, பிற்பாதி குடற்கிருமி. நான் படித்து வியந்தது யாதெனில், இவ்விரண்டு பாதிகளும் எங்கள் பசுவின் மடியில் வந்து சந்தித்தன என்பதே.

பசுவின் பெருவயிறு ஒரு பெரிய நொதிக்கலம். அதன் நீரில் ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் பதமாக்கிப் பசுவுக்கு உணவாக்குபவை அவையே. அங்கே திடீரென்று இரண்டு குண்டான் சோறு விழுந்தால் என்ன ஆகும்? மாவுப்பொருளை விரைந்து தின்னும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்றவை மட்டும் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அமிலம் தாங்காமல் மற்றவை கூட்டங்கூட்டமாக மடிகின்றன. மடிந்த சில வகைப் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து அகநச்சு வெளிப்படுகிறது. புண்பட்ட வயிற்றுச் சுவரைக் கடந்து அது குருதியில் கலக்கிறது; உடலெங்கும் அழற்சித் தீயை மூட்டுகிறது. மடியில் குருதிக்கும் பாலுக்கும் இடையே உள்ள வேலி தளர்கிறது. அந்நேரம் காம்பு வழியே ஒரு கிருமி நுழைந்தால் அதற்குக் கொண்டாட்டந்தான்.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். மெச்னிக்கோவ் மருந்தென்று போற்றிய அதே லாக்டிக் அமிலம், பசுவின் பெருவயிற்றில் அளவு மீறினால் நஞ்சாகிறது. கிருமிக் கூட்டத்தின் சமநிலையே உயிர்நாடி. அமிலம் நல்லதா கெட்டதா என்பது அது இருக்கும் இடத்தையும் அளவையும் பொறுத்தது.

மருத்துவரின் தட்டில் கூழாகக் கெட்டிப்பட்டவை எவை? மடிக்குள் போரிட வந்த வெள்ளணுக்கள்! அவற்றின் உட்கருப் பொருளே கரைசலில் கூழாகிறது. நலமுள்ள மடியின் பாலில் ஒரு மில்லி லிட்டருக்கு இரண்டு இலட்சத்துக்குக் குறைவாகவே செல்கள் இருக்கும். அழற்சி வந்தால் பல இலட்சங்களாகப் பெருகும். மெசினாவில் ரோசா முள்ளைச் சூழ்ந்த வீரர்களின் இனத்தாரை, குண்டூர் நாட்டில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் நான் கண்ணாரக் கண்டேன். அன்று அது எனக்குத் தெரியவில்லை.

2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இத்தொடர்பை இன்னும் தெளிவாக்கியது. மடிநோயுற்ற பசுக்களின் சாணத்திலிருந்த கிருமிக் கூட்டத்தை, கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் குடலில் சீன ஆய்வாளர்கள் செலுத்தினர். அச்சுண்டெலிகளின் பால் சுரப்பிகளில் அழற்சி தோன்றியது. நலமுள்ள பசுக்களின் சாணத்தைப் பெற்றவற்றில் தோன்றவில்லை. நோயுற்ற சாணத்துடன் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய்க்குறிகள் தணிந்தன. காம்பைத் தொடாமலே, குடல் வழியாகவே மடிநோய் வரக்கூடும் என்பதற்கு இது சான்று. எலியில் கண்டது அப்படியே பசுவுக்கும் தாய்மாருக்கும் பொருந்தும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. மெச்னிக்கோவின் பிழையிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமும் இதுவே. எனினும், சாணத்தைக் கிளறிக் காட்டிய என் அம்மாவைப் பார்த்து இனி நான் சிரிக்க முடியாது.

நாம் செய்யத்தக்கன

நம்மில் பலர் மாடு வளர்க்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குச் சில சொற்கள். விழா நாட்களில் மிகுந்த சோற்றையும் பொங்கலையும் பசுவுக்கு அள்ளி வைப்பதைப் புண்ணியம் என்று கருத வேண்டா. தீவனத்தை மாற்றுவதானால் சிறிது சிறிதாகப் பல நாட்களில் மாற்ற வேண்டும். பசு அசை போடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்க வேண்டும். கறப்பதற்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். கறந்தபின் காம்புத் துளை மூடச் சிறிது நேரமாகும். ஆகவே அரைமணி நேரமாவது பசு படுக்காமல் நிற்கும்படி பசுந்தீவனம் போட வேண்டும். பால் திரிந்தாலோ மடி சூடேறினாலோ காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். வயிற்றையும் மடியையும் சேர்த்தே காப்பதுதான் முறை.

எங்கள் பசுவை விற்கவில்லை. மூன்று காம்பில் பால் தருகிறது. வருவாய் குறைந்துதான் போயிற்று. அந்தக் குறைவை அம்மா ஒருநாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. விடுமுறைக்குச் சென்றபோது ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கொட்டகையில் அமர்ந்தேன். தீவனம், அசை, சாணம், பால் என நான்கு கட்டங்கள் போட்டேன். அம்மா பார்த்துச் சொன்னார்; நான் எழுதினேன். முதல் நாள் சாணத்திற்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தேன். இறுகலா, இளகலா, நிறமென்ன, வாடையென்ன, செரியாத தானியம் கிடக்கிறதா என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டம் ஐந்து கட்டமாயிற்று. நான் ஊரில் இல்லாத நாட்களில் இப்போது தங்கை எழுதுகிறாள்.

புகழ்பெற்றோர் கூறினர் என்பதற்காக எதையும் நம்பாமல், படிக்காதோர் கூறினர் என்பதற்காக எதையும் தள்ளாமல், கண்ணால் கண்டு கையால் சோதித்துத் தெளியும் மனத்தையே மெச்னிக்கோவின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது. வாழ்க அப்பெருமகனார் புகழ்!